கேட்டவர் வேறு, கிடைத்தவர் வேறு

கட்சிக்குள் நாம் கேட்ட ஆள் ஒருவர். கட்சி கொண்டுவந்து நிறுத்திய ஆள் இன்னொருவர். வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாலையூற்றிலிருந்து வந்த ஒரு கடிதம் தொடக்கிவைத்த கேள்வி இது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று திருகோணமலை மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: கட்சித் தலைவர் தெரிவில் நான் ஆதரித்தவர் தோற்றுப்போனார். வென்ற பக்கம் கைகாட்டுகிற வேட்பாளருக்கு இனி நான் வாக்குப் போடத்தான் வேண்டுமா?
— கட்சிக் கிளை உறுப்பினர், பாலையூற்று

பதில்: "வேண்டும்" என்று உங்களிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, அண்ணை. "போடலாமா" என்று கேட்டால், பெரும்பாலும் போடலாம் என்பேன்.

நீங்கள் சொல்வது 2024 ஜனவரி 21 அன்று நம்முடைய நகர மண்டபத்தில் நடந்த தமிழரசுக் கட்சித் தலைவர் தெரிவைத்தானே? சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. மூன்றாமவராக நின்ற யோகேஸ்வரன் அன்றே விலகிக்கொண்டார். நாடே பார்க்க நடந்த வாக்கெடுப்பு அது. நான்கு பேர் ஓர் அறைக்குள் இருந்து முடிவெடுத்து மற்றவர்களுக்கு அறிவித்திருந்தால், தோற்ற பக்கத்தைப் பார்த்து "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எண்ணிச் சொன்ன முடிவு என்றால் சொல்லலாம்.

ஆனால் அதற்குச் சில நாட்களிலேயே பொதுச்செயலாளர் தெரிவில் தகராறு வந்து, விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றப் படி ஏறியது. கட்சியின் மாநாடும் தள்ளிப்போனது. தோற்றவர்களின் வாக்கு கட்சிக்கு வேண்டுமென்றால் அவர்களுக்குச் சபையில் இடம் வேண்டும். அந்த 137 பேரும் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்காகத் தெருத் தெருவாக நடந்தவர்கள். அவர்களை அரவணைக்கும் பொறுப்பு வென்றவருடையது. அதை அவர் செய்தாரா என்று பாருங்கள். செய்தால் உங்கள் வாக்கைக் கேட்கும் தகுதி அவருக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: பிடிக்காதவருக்கு வாக்களிப்பது மனச்சாட்சிக்கு விரோதமில்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: "அவரை எனக்குப் பிடிக்குமா?" என்பது மனதின் கேள்வி, டீச்சர். "அவர் வந்தால் யாருக்கு என்ன நடக்கும், வராவிட்டால் யாருக்கு என்ன நடக்கும்?" என்பதுதான் மனச்சாட்சியின் கேள்வி. வாக்குச்சாவடிக்குப் போகும்போது இரண்டாவதைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: 2010இல் எங்கட ஆக்கள் சரத் பொன்சேகாவுக்கு வாக்குப் போட்டார்களாமே! யுத்தத்தை நடத்திய தளபதிக்கு! நினைக்கவே கூசுகிறது. எப்படி முடிந்தது அவர்களால்?
— பல்கலைக்கழக மாணவன், பாலையூற்று

பதில்: தம்பி, நீங்கள் அப்போது சிறுபிள்ளையாக இருந்திருப்பீர்கள். அந்தத் தேர்தல் நடந்தது 2010 ஜனவரி 26. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டே மாதம். வன்னி மக்களில் எத்தனையோ பேர் முகாம்களை விட்டு முழுதாக வெளியே வந்திருக்கவில்லை. வெல்லக்கூடிய நிலையில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் யுத்தத்துக்குக் கட்டளையிட்ட ஜனாதிபதி, மற்றவர் அதைக் களத்தில் நடத்திய தளபதி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சம்பந்தன் ஐயா தலைமையில் பொன்சேகாவை ஆதரித்தது. அந்த முடிவை ஏற்காத சிவாஜிலிங்கம் தானே சுயேச்சையாக நின்றார். யாழ்ப்பாணத்தில் நாலில் ஒரு பங்கினர்தான் வாக்களிக்கப் போனார்கள். போகாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

திருகோணமலை மாவட்டத்தில் பொன்சேகாவுக்கு 87 ஆயிரத்துக்கு மேல் வாக்கு விழுந்தது, 54 வீதம். அதில் முஸ்லிம் வாக்கு, சிங்கள வாக்கு எல்லாம் உண்டு. தமிழ் வாக்கும் நிறைய உண்டு. இது 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்ற ஊர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்களைக் கொன்ற மாவட்டம். அப்போதும் பொன்சேகாதான் இராணுவத் தளபதி என்பதை வாக்களித்தவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதிகாரம் முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில் இறுகிப்போவதை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நாடு தழுவிய முடிவில் அந்தக் கணக்கு தோற்றது. மகிந்த ராஜபக்ச 57.88 வீதத்தோடு வென்றார்.

என் கருத்தைக் கேட்டால், அந்த வாக்கில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாக்களித்தவர் எவரும் பொன்சேகாவை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அந்த வாக்கை வாங்கிய பிறகு, வாங்கிக் கொடுத்தவர்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எவ்வளவு அழுத்தமாகக் கேட்டார்கள் என்பதில்தான் எனக்கு மனவருத்தம்.

கேள்வி: 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு அள்ளிக் கொடுத்தோம். என்னத்தைக் கண்டோம்?
— சம்பூருக்குப் பக்கத்தூர்க்காரர்

பதில்: பக்கத்தூரில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள், ஐயா? சம்பூர்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள்.

2006இல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடியவர்கள் அவர்கள். திரும்பி வர விடாமல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்றும், பிறகு கைத்தொழில் வலயம் என்றும் மாறி மாறி மூடப்பட்டிருந்தது. கிளிவெட்டி முகாம் தகரத்துக்குக் கீழே பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். 2015 ஜனவரி 8இல் ஆட்சி மாறியது. திருகோணமலை மாவட்டத்தில் அன்று மைத்திரிக்குக் கிடைத்தது சுமார் 72 வீதம். முந்தைய ஆட்சி முதலீட்டுச் சபைக்குக் கொடுத்திருந்த 818 ஏக்கரை மீளப் பெறும் வர்த்தமானியில் மே மாதம் அவர் கையெழுத்திட்டார். அது வழக்கில் சிக்கி மீண்டு, ஆகஸ்டில் காணி மக்கள் கைக்கு வந்தது. கடற்படை முகாம் இருந்த காணி அடுத்த ஆண்டு விடுபட்டது. மகிந்தவின் அமைச்சரவையில் கடைசிவரை இருந்துவிட்டு வந்தவர் மைத்திரி. தமிழரில் எவருக்கும் அவர் முதல் தெரிவாக இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் அந்த வாக்கு கிட்டத்தட்டப் பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓர் ஊரைத் திறந்தது.

அதே மைத்திரிதான் 2018 ஒக்டோபர் 26 அன்று, யாரை இறக்கச் சொல்லி நாம் வாக்களித்தோமோ அந்த மகிந்தவையே பிரதமராக்கினார். வாக்களித்த அத்தனை பேரின் முகத்திலும் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வருடம் டிசம்பரில், அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதற்கு ஆதாரமாக நின்றது அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம். அதுவும் 2015 வாக்கின் பிள்ளைதான். புதிய அரசியலமைப்பு வரவில்லை, அரசியல் கைதிகள் எல்லாரும் வெளியே வரவில்லை. அவை நிலுவை. நிலுவையை நினைவில் வையுங்கள், வரவையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசுக் கட்சி சஜித்துக்குச் சொன்னது. கட்சியின் மூத்த உறுப்பினர் அரியநேத்திரனோ சங்குச் சின்னத்தில் பொது வேட்பாளராக நின்றார். நான் சங்குக்குப் போட்டேன். என் வாக்கு வீண் என்று மச்சான் ஒரு வருடமாகச் சொல்லிக் காட்டுகிறார்.
— வங்கி ஊழியர், திருகோணமலை நகர்

பதில்: உங்கள் சீட்டில் 1க்குப் பிறகு 2 போட்டீர்களா? போட்டிருந்தால் மச்சானுக்குச் சொல்ல உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. போடாவிட்டால் அவர் சொல்வதில் பாதி சரி.

1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டம் நமக்கு ஓர் அருமையான வழியைத் தந்திருக்கிறது. மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போடலாம். அவர் வெல்ல மாட்டார் என்றால், இருக்கிறவர்களில் யார் பரவாயில்லையோ அவருக்கு 2, அடுத்தவருக்கு 3. ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, அடுத்த விருப்பு முதல் இருவரில் யாருக்கு என்று பார்த்துச் சேர்ப்பார்கள். கட்சி சொன்னவரா, நெஞ்சு சொன்னவரா என்று நாம் இத்தனை கடிதம் எழுதிக் கொதிக்கிறோமே, ஒரே சீட்டில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் அந்த இரண்டாம் எண்ணிக்கை முதன்முதலாக நடந்தது. அநுரவுக்கு 56 இலட்சத்து 34 ஆயிரம், சஜித்துக்கு 43 இலட்சத்து 63 ஆயிரம். ரணில், நாமல், அரியநேத்திரன் உட்பட மற்ற எல்லாருக்கும் விழுந்தவை 33 இலட்சத்து 21 ஆயிரம். அந்த 33 இலட்சத்தில், அடுத்த விருப்பாக முதல் இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தவை எத்தனை? அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம். நூறு சீட்டில் எட்டு! முதல் இருவருக்கும் இடையில் இருந்த தூரம் 12 இலட்சத்து 71 ஆயிரம். முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாற்றக்கூடிய அளவு வாக்குக் கடைசிக் கட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் கவலை.

அயர்லாந்தில் 1990 ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். முதல் எண்ணிக்கையில் லெனிஹன் 44 வீதத்தோடு முன்னே நின்றார். மேரி ரொபின்சனுக்கு 39 வீதம்கூட முழுதாக இல்லை. மூன்றாமவர் கரியின் 17 வீதச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், நாலில் மூன்று பங்குக்கு மேல் ரொபின்சனை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். அவரே அந்நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியானார். கரியின் ஆதரவாளர்கள் தங்கள் ஆளையும் கைவிடவில்லை, நாட்டின் முடிவிலிருந்தும் ஒதுங்கவில்லை.

நமக்கு அந்தப் பழக்கம் வராததற்கு மக்களை மட்டும் நான் நோகமாட்டேன். கட்சிகளும் மேடைகளும் "எங்களுக்கு மட்டும் போடுங்கள்" என்றே பழக்கிவிட்டன. சங்குக்குக் கிடைத்த 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்கும் ஒரு செய்தி சொன்னது, அதை நான் மதிக்கிறேன். அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்தில் 2 என்று எழுதியிருந்தால் செய்தியின் கனம் ஒரு குண்டுமணி அளவும் குறைந்திருக்காது.

கேள்வி: 1, 2, 3 போடுவதா, புள்ளடி போடுவதா? குழப்பமாக இருக்கிறது.
— முதல் தடவை வாக்காளர், தம்பலகாமம்

பதில்: ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடியோ 1ஓ, எதுவும் செல்லும். விருப்பு வரிசை காட்டுவதென்றால் எண்களை மட்டும் எழுதுங்கள், புள்ளடியைக் கலக்காதீர்கள். 1 இல்லாமல் வெறும் 2 போட்டால் சீட்டே செல்லாது. இது ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும், தங்கச்சி. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி.

கேள்வி: யாரையும் பிடிக்கவில்லை. சீட்டைக் கிறுக்கிவிட்டு வந்தால் எதிர்ப்புத்தானே?
— முச்சக்கரவண்டிச் சாரதி, அநுராதபுரச் சந்தி

பதில்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 300,300 சீட்டுகள். அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்றதைவிட அது அதிகம். அதில் எத்தனை எதிர்ப்பு, எத்தனை கைத்தவறு என்று யாராவது பிரித்துச் சொன்னார்களா? "எவரும் வேண்டாம்" என்பதற்கு இந்தியாவில் 2013இலிருந்து இயந்திரத்தில் தனிப் பொத்தான் இருக்கிறது, அதைத் தனியாக எண்ணுகிறார்கள். நம்முடைய சீட்டில் அந்தக் கட்டம் இல்லை. உங்கள் கோபமும், கண் தெரியாத ஒரு பாட்டியின் தவறும் ஒரே கட்டில் கட்டி வைக்கப்படும்.

கேள்வி: பேசாமல் வீட்டிலே இருந்துவிட்டால்?
— அவருடைய நண்பர், அதே சந்தி

பதில்: 2005 நவம்பர் 17. புலிகளின் புறக்கணிப்பு அழைப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச வென்றது சுமார் 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில். அந்த ஓர் இரவு முடிவோடு அடுத்த நான்கு வருடத்தையும் சேர்த்து யோசித்துவிட்டு, பிறகு வீட்டில் இருப்பதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: நாடாளுமன்றத் தேர்தலில் எனக்குப் பிடித்தவர் பட்டியலிலேயே இல்லை. பிறகு ஏன் அந்தக் கட்சிக்குப் போட வேண்டும்?
— கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர்

பதில்: திருகோணமலைக்கு ஆசனம் நான்கே. ஒன்று முதலில் வரும் கட்சிக்குப் போனசாகப் போய்விடும். மிச்சம் மூன்றைத்தான் எல்லாரும் பங்குபோட வேண்டும். இங்கே சிதறினால் பொறுக்கி எடுக்க இரண்டாவது எண்ணிக்கை இல்லை.

அம்பாறையில் 2020இல் என்ன நடந்தது? கருணா அம்மான் தலைமையில் நின்ற கட்சிக்கு 29,379 வாக்கு. தமிழரசுக் கட்சிக்கு 25 ஆயிரத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் ஓர் ஆசனத்துக்குத் தாராளமாகப் போதும். இருவருக்கும் கிடைத்தது பூச்சியம். பிறகு தமிழரசுக் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஆசனத்தைக் கலையரசனுக்குக் கொடுத்துத்தான் அம்பாறைத் தமிழருக்கு ஒரு குரலை வைத்தார்கள்.

அந்தப் பாடம் இங்கே உறைத்தது. 2024 நவம்பரில் வடக்கில் சங்கும் வீடும் எதிரெதிராக மோதின. திருகோணமலையில் சங்குக்காரரும் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒரே பட்டியலில் நின்றார்கள். இரண்டு மாதம் முன்பு சங்குக்காக அலைந்தவர்கள் வீட்டுக்குப் புள்ளடி போட்டார்கள். விளைவு, 34 ஆயிரத்துச் சொச்சம் வாக்கோடு குகதாசன் நாடாளுமன்றம் போனார். அந்த வாக்கு சரிபாதியாகப் பிரிந்திருந்தால் ஆசனம் கைநழுவியிருக்கக்கூடும்.

விருப்பு வாக்கின் ஆயுளும் நீங்கள் நினைப்பதைவிட நீளம். 2020இல் சம்பந்தன் ஐயா வென்ற பட்டியலில் அவருக்கு அடுத்ததாக விருப்பு வாக்கு எடுத்தவர் குகதாசன். 2024 ஜூன் 30இல் ஐயா காலமானபோது, நாலு வருடத்துக்கு முன் போட்ட அந்தப் புள்ளடிகள்தான் குகதாசனை அந்த ஆசனத்தில் இருத்தின.

கேள்வி: கூட்டுக்குள் எப்போதும் முஸ்லிம்களான எங்களைத்தானே விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?
— கிண்ணியா வாசகர்

பதில்: இல்லை, நானா. கிழக்கு மாகாண சபையில் 2012இல் கூட்டமைப்புக்கு 11 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015இல் 7 பேர் கொண்ட கட்சியின் நசீர் அகமட்டை முதலமைச்சராக ஏற்று, 11 பேர் கொண்ட கூட்டமைப்பு அமைச்சரவையில் சேர்ந்தது. நம்மூர் தண்டாயுதபாணி கல்வி அமைச்சரானார். தமிழருக்குள் பலருக்கு அது கசந்தது. எனக்கு அது கிழக்கில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

கேள்வி: வீட்டுக்காரர் தான் சொல்கிறவருக்கே போடச் சொல்கிறார்.
— பெயர் வேண்டாம், பாலையூற்று

பதில்: சீட்டு மடிந்து பெட்டிக்குள் விழுந்த பிறகு அது உங்களுடையது மட்டும், அக்கா. வீட்டில் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்தவர்களைத் துரோகி என்று எங்கள் பொடியள் எழுதுகிறார்கள். நான் தடுக்க வேண்டுமா?
— கட்சி அமைப்பாளர்

பதில்: இன்றே தடுக்க வேண்டும். அந்தச் சொல்லால் இந்த மண்ணில் எத்தனை உயிர் போனது என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பொடியளுக்குத் தெரியாது. 2024 செப்டெம்பர் 1 அன்று வவுனியாவில் கூடிய மத்திய குழு சஜித்தை ஆதரிக்க முடிவெடுத்தது. கட்சித் தலைவர் தெரிவில் வென்ற சிறீதரனே அதற்குப் பிறகும் அரியநேத்திரனுக்காகப் பிரசாரம் செய்தார். அவர் செய்தது தவறு என்று சொல்லலாம், வாதிடலாம். துரோகி என்றால், நாளைக்கு எந்த முகத்தோடு அவருடைய ஆதரவாளர் வீட்டுப் படலையைத் தட்டி வாக்குக் கேட்பீர்கள்?

பிரான்சில் 2002இல் இடதுசாரிகளின் முதன்மை வேட்பாளர் ஜொஸ்பன் முதற்சுற்றிலேயே வெளியேறினார். எஞ்சியவர்கள் வலதுசாரி சிராக்கும், தீவிர வலதுசாரி லெ பென்னும். காலமெல்லாம் சிராக்கை எதிர்த்தவர்கள் திரண்டுபோய் அவருக்கு வாக்களித்து 82 வீதத்தில் வெல்ல வைத்தார்கள். முதற்சுற்றில் வேறு வேறு இடதுசாரிகளுக்குப் போட்டு வாக்கைச் சிதறடித்தவர்களும் அதில் இருந்தார்கள். திரும்பி வருகிறவனுக்குக் கதவு திறந்திருந்தால்தான் அப்படி வருவான்.

கேள்வி: அடுத்து மாகாண சபைத் தேர்தல் வருமா? வந்தால் மறுபடியும் பிடிக்காத பெயரைத்தான் நீட்டுவார்களா?
— முதல் கேள்வி கேட்ட பாலையூற்று உறுப்பினர்

பதில்: கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது 2017 செப்டெம்பரில். புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது, அன்று சிக்கிக்கொண்ட தேர்தல் அது. எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. யாரை நிறுத்துவார்கள் என்பதில் உங்களுக்கு இப்போதே கை உண்டு. பெயர் பத்திரிகையில் வந்த பிறகு கோபப்பட்டால், மிஞ்சுவது வாக்குச்சீட்டும் நீங்களும்தான். நியமனக் குழுவில் யார் யார் இருப்பார்கள், கிளை கொடுக்கும் பெயரை மாற்றினால் காரணத்தைக் கிளைக்கு எழுத்தில் தருவார்களா? அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் கடிதமாகக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.